நான்கு சுரம், இரண்டு பெயர்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

கிதார் என்னுடையதன்று, விடுதி அறைத் தோழனுடையது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாக் கூசும். கல்லூரி விழாப் பாட்டுக்கு வாசிக்க ஒப்புக்கொண்ட பிறகுதான், தாளில் 'ஏ மைனர் 6 / எஃப் ஷார்ப்' என்றிருந்ததைக் கண்டேன். எவரையும் கேளாமல் நானே பொருள் செய்துகொண்டேன்.

ஏ-யிலிருந்து மைனர் ஆறாம் சுரம் எஃப். அதைச் சேர்த்தேன். பக்கத்திலேயே ஈ ஒலிக்க, இரண்டும் அரைச்சுர இடைவெளியில் உரசின. சாய்கோட்டை 'அல்லது' என்று படித்து, எஃப் ஷார்ப்பை விட்டே விட்டேன். ஒத்திகையில் பாடியவர் இருமுறை நிறுத்திவிட்டார். அங்கிருந்த எங்கள் துறைப் பேராசிரியர் தாளைப் பார்த்து, "தம்பி, இந்தக் கோட்டுக்கு என்ன பொருள்?" என்றார். "தெரியலைங்க ஐயா" என்றேன். அன்றுதான் பாடம் தொடங்கிற்று.

'மைனர்' என்னும் சொல் மூன்றாம் சுரத்தையே குறிக்கும்; ஆறாவது மேஜர்தான். ஆகவே ஏ, சி, ஈ, எஃப் ஷார்ப். ஏ-யை ஸட்ஜமாகக் கொண்டால், சாதாரண காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம். ஐந்தாம் தந்தியின் ஏ 110 ஹெர்ட்ஸ். அதற்கு 5:3 விகிதத்தில் ஆறாம் சுரம் 183.3 வரவேண்டும், கிதார்க் கட்டங்கள் தருவதோ 185. சுருதிப்பெட்டிக்குப் பழகிய காதுகள் பொறுத்தருள்க!

கோட்டுக்குக் கீழுள்ளது எல்லாவற்றிலும் தாழ ஒலிக்கவேண்டிய சுரம். ஆறாம் தந்தி இரண்டாம் கட்டத்தில் நடுவிரல், நான்காம் தந்தி இரண்டில் மோதிரவிரல், மூன்றாம் தந்தி இரண்டில் சுண்டுவிரல், இரண்டாம் தந்தி ஒன்றில் ஆட்காட்டி. மற்ற இரு தந்திகளும் திறந்தபடி. நடுவிரல் சற்றே சாய்ந்தாலும் ஐந்தாம் தந்தி ஊமையாகிவிடும். எனக்குப் பத்து நாள் பிடித்தது.

இதே நான்கு சுரங்களுக்கு 'எஃப் ஷார்ப் மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ்' என்றும் பெயருண்டு. வேதியியல் நண்பர்கள் மாற்றியங்களை நினைத்துக்கொள்ளலாம். எந்தப் பெயர் என்பதைப் போகும் வழி சொல்லும். ஜார்ஜ் ஹாரிசனின் 'வைல் மை கிதார் ஜென்ட்லி வீப்ஸ்' (1968) பாட்டில் அடிச்சுரம் ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப் என இறங்குகிறது. மேலே ஏ மைனர் வீடாக நிற்பதால், அங்கே 'ஏ மைனர் 6' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அடுத்து பி செவன், ஈ மைனர் என்று போனால் மற்றப் பெயர்தான்.

விழாவன்று ஐந்தாம் தந்தி ஒரேயொரு முறை ஊமையாயிற்று. பாடியவர் நிறுத்தவில்லை.