பில் போடும் கணிப்பொறியில் ஒரு ஃபைல் காணாமற்போனால்



பில் போடும் மென்பொருளைத் திறக்கும்போது, 'இன்ன டி.எல்.எல். ஃபைல் காணவில்லை' என்று திரையில் ஒரு கட்டம் வந்து நிற்பதுண்டு. கணக்கே போய்விட்டது என்று நம்மில் பலர் பதறிவிடுகிறோம். கணக்கு பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். பதற்றத்தில் அடுத்து செய்யும் காரியத்தால்தான் அது போகிறது. சிங்கவரத்தில் குடியிருந்து செஞ்சிக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள், சரக்கெடுக்க வரும் சில்லறை வியாபாரிகளிடம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறோம். எனவே இதை முறையாக அறிந்துகொள்வோம்.

டி.எல்.எல். என்பது என்ன? ஒரு ஊரில் பத்து மண்டி இருந்தாலும் லாரிக்கு எடை போட ஒரே எடைமேடை போதும். அதுபோலப் பல மென்பொருள்கள் தங்களுக்குப் பொதுவான வேலைகளை ஒரே ஃபைலிடம் ஒப்படைத்திருக்கின்றன. அந்தப் பொது ஃபைல்தான் டி.எல்.எல். எடைமேடை பழுதானால் மண்டி வேலை நிற்கும். மண்டியில் உள்ள நெல் எங்கும் போய்விடாது. நம் பேரேடும் இருப்புக் கணக்கும் வேறு ஃபைல்களில் தனியாக இருக்கின்றன.

இது காணாமற்போகக் காரணங்கள் சில உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெடலாம். வேறொரு மென்பொருளை நீக்கும்போது பொது ஃபைலும் சேர்ந்து போகலாம். ஹார்ட் டிஸ்க் தேய்ந்திருக்கலாம். திருட்டுப் பிரதி போட்டிருந்தால், அதில் திருத்தி வைத்த ஃபைலை வைரஸ் தடுப்பு மென்பொருளே பிடித்து அகற்றியிருக்கலாம். மலிவாகக் கிடைத்தது என்று போட்ட பிரதி பண்டிகைக் கூட்டத்தில் நின்றுபோனால், மிச்சம் பிடித்த பணம் ஒரே நாளில் போய்விடும்.

ஃபைல் காணாமற்போவது ஒரு வகை; பிழையான ஃபைல் வந்து சேர்வது இன்னொரு வகை. 2024 ஜூலை 19 அன்று நடந்தது இரண்டாவது வகை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு பிழையான ஃபைலை, நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பியது. 10.57 மணிக்கே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்த ஒன்றேகால் மணி நேரத்திற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றுபோயின என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பல விமானங்கள் ரத்தாயின. கிளம்பிய விமானங்களுக்குப் பயணச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பரிகாரம் சிறியதுதான்: கணிப்பொறியை சேஃப் மோடில் திறந்து அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கணிப்பொறியாகக் கையால் செய்ய வேண்டியிருந்ததால் பல இடங்களில் நாட்கணக்கில் ஆயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே பேனா கைகொடுத்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, நம் கடையில் செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவதாக, திரையில் வந்த ஃபைலின் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளவும். கைபேசியில் படம் எடுத்தாலும் சரி. பிறகு கணிப்பொறியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கவும்.

இரண்டாவதாக, எந்தப் பழுதிலும் கை வைக்குமுன் கணக்கு இருக்கும் ஃபோல்டரைப் பென்டிரைவில் நகல் எடுக்கவும். கணிப்பொறி திறக்கவே இல்லையானால், பழுது பார்ப்பவர் டிஸ்கிலிருந்து கணக்கை வெளியே எடுத்துக் கொடுத்த பிறகே ஃபார்மட் செய்யச் சம்மதிக்கவும்.

மூன்றாவதாக, வைரஸ் தடுப்பு மென்பொருள் அந்த ஃபைலைப் பிடித்து ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று அதன் பட்டியலில் பார்க்கவும். காரணம் தெரியாமல் அதை விடுவிக்கக் கூடாது.

நான்காவதாக, ஃபைல் யாருடையது என்று பார்க்கவும். பில் மென்பொருளுடையது என்றால், அந்த நிறுவனம் கொடுத்த மூலப் பிரதியிலிருந்து மறுபடி போடவும். பெயரில் 'விசிரன்டைம்' அல்லது 'எம்.எஸ்.வி.சி.பி.' என்று இருந்தால், விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பு வேண்டும். மைக்ரோசாஃப்ட் அதை இலவசமாகவே தருகிறது. அதில் எக்ஸ் 86, எக்ஸ் 64 என இரண்டு உண்டு. பழைய பில் மென்பொருள்கள் பலவற்றுக்கு எக்ஸ் 86 தேவைப்படும் என்பதால் இரண்டையும் போடுவது நல்லது.

விண்டோஸின் சொந்த ஃபைலே கெட்டிருந்தால், அதைச் சரிசெய்யும் கருவிகள் அதற்குள்ளேயே உள்ளன. 'டிஸ்ம்' என்பது விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் நகல் கிடங்கைச் சரிசெய்யும். 'எஸ்.எஃப்.சி.' என்பது அந்தக் கிடங்கிலிருந்து நல்ல ஃபைலை எடுத்துக் கெட்டதன் இடத்தில் வைக்கும். கிடங்கைச் சரிசெய்த பிறகுதானே கடைத் தட்டை நிரப்புவோம்? இதிலும் அதே வரிசைதான். தெரிந்த ஆளை விட்டுச் செய்யச் சொல்லலாம்.

இவ்வளவு செய்தும் அதே தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்து மாற்றிவிடவும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அந்த ஒரு ஃபைலை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று இன்டர்நெட்டில் பலர் காத்திருக்கிறார்கள். முத்திரை இல்லாத எடைக்கல்லை யாரோ கொடுத்தால் தராசில் வைப்போமா? அந்த ஃபைல் வேறு பதிப்பாக இருக்கலாம். உள்ளே வைரஸும் இருக்கலாம். உரியவரிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும்.

பழுது தீரும்வரை வியாபாரம் நிற்க வேண்டியதில்லை. வரிசை எண் அச்சிட்ட கை பில் புத்தகம் ஒன்று கல்லாவில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. விதிப்படி ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். ஒரு நிதியாண்டுக்குள் எண் இரட்டிக்கக் கூடாது, அவ்வளவுதான். கணிப்பொறி சரியானதும் அந்த பில்களை ஏற்றிவிடலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள், வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு மின் பட்டியல் எடுத்தே ஆகவேண்டும். அரசு இணையதளத்தில் வேறு கணிப்பொறியிலிருந்தும் அதை எடுக்கலாம்.

நகல் இல்லாமல் கணக்கு போனால் என்ன ஆகும்? மாதக் கணக்கு தாக்கல் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணமும், வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் ஊராகக் கொடுத்த கடன் பாக்கிக்கு ஆதாரமே இராது. வாடிக்கையாளர் நாணயமானவராக இருந்தாலும் தொகை அவருக்கும் மறந்திருக்கும்.

ஆகவே இரண்டு பென்டிரைவ் வாங்கி, ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று மாற்றி மாற்றி நகல் எடுங்கள். ஒன்று கடையில் இருந்தால் மற்றது வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறு கணிப்பொறியில் திறந்து, கடைசி பில் எண் சரியாக வருகிறதா என்று பாருங்கள். கடை சாத்தும்போது கல்லாவை எண்ணுகிறோம் அல்லவா, அதோடு இந்த ஐந்து நிமிட வேலையையும் சேர்த்துக்கொள்வோம்.