பழைய டீசல் பிக்கப் வண்டி: இழுவலுவும் எரிபொருட் சிக்கனமும்

மண்வெட்டியையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் போலவே பிக்கப் வண்டியும் இன்று கமக்காரரின் கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. விதையும் பசளையும் தோட்டத்துக்கு வருவதும், விளைந்த மரக்கறி சந்தைக்குப் போவதும் பெரும்பாலும் அதனாலேயே நடைபெறுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இருபது முப்பது ஆண்டுகள் உழைத்த வண்டியையே பேணிக்கொள்ளவேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. 2022 இல் எரிபொருள் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டபோது ஒரு லீற்றர் டீசலின் அருமையை யாவரும் உணர்ந்தனர்.

இத்தகைய வண்டியிற் சில மாற்றங்களைச் செய்து, இழுவலுவைக் கூட்டவும் எரிபொருளை மிச்சப்படுத்தவும் கமக்காரர் பலர் விரும்புகின்றனர். விருப்பம் நியாயமானதே. ஆயினும், இழந்த வலுவை மீட்பது வேறு, இல்லாத வலுவைச் சேர்ப்பது வேறு. முன்னதற்குச் செலவு சிறிது, பயன் உறுதி. பின்னதற்குச் செலவு பெரிது, முன்னதைச் செய்யாவிடின் பயனும் இல்லை. ஆதலால் வேலைகளைப் பின்வரும் ஒழுங்கிற் செய்தல் வேண்டும்.

1. முதலில் அளத்தல்

எரிபொருட் தாங்கியை விளிம்புவரை நிரப்பி, தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுக. வழக்கமான சுமையுடன் 200 கிலோமீற்றருக்குக் குறையாது ஓடியபின், அதே நிலையத்தில் மீண்டும் விளிம்புவரை நிரப்புக. ஓடிய தூரத்தை நிரப்பிய லீற்றரால் வகுத்தால் உண்மைக் கணக்குக் கிடைக்கும். தூரமானி சரியானதா என்பதையும் வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களோடு 10 கிலோமீற்றருக்கு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு வேலையின் பின்னும் இவ்வாறு அளந்தாலன்றி, எந்த வேலையாற் பயன் விளைந்தது என்பதை அறிய முடியாது.

2. வளியும் எரிபொருளும்

ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் வளி தேவை. நடைமுறையில் இதனிலும் கூடுதலாகவே வேண்டும். வயற்புழுதியால் அடைபட்ட வளிவடிகட்டியூடாக இவ்வளவு வளி செல்லாது. வளி குறைந்தால் உட்சென்ற டீசலில் ஒரு பகுதி கரியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறும். ஆகவே வடிகட்டியைக் காலந்தவறாது மாற்றுக. வடிகட்டியே இன்றி ஓட்டுவது பெருந்தவறு. உட்புகும் புழுதி சிலிண்டர்களைத் தேய்த்துவிடும்.

எரிபொருள் வடிகட்டியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடவேண்டும். இன்ஜெக்டர்களை டீசல் பம்ப் திருத்துமிடத்திற் சோதிப்பித்தல் நன்று. டீசலைப் பனிபோலத் தூவவேண்டிய இன்ஜெக்டர் துளித்துளியாகச் சிந்துமாயின், வலுவும் குறையும், எரிபொருளும் வீணாகும். வால்வு இடைவெளியும் எரிபொருள் செலுத்தும் நேரமும் வண்டிக்குரிய கைந்நூலின்படி இருத்தல் வேண்டும்.

இயந்திரம் சூடாகிறது என்பதற்காகத் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் எங்கும் உண்டு. இது நோயை விட்டு நோயாளியைத் தண்டிப்பதாகும். தேர்மோஸ்டாட் இயந்திரத்தை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்கு விரைவிற் கொண்டுவந்து அதில் வைத்திருக்கிறது. குளிர்ந்தே ஓடும் இயந்திரம் கூடுதலான டீசலைக் குடிப்பதுடன் விரைவில் தேய்ந்தும் போகும். சூடேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட றேடியேற்றர், தளர்ந்த விசிறிப் பட்டி, தேய்ந்த நீர்ப்பம்பு ஆகியவையே. அவற்றைத் திருத்துக.

3. புகை கூறும் செய்தி

சுமையேற்றத்திற் கறுப்புப் புகை வந்தால் டீசல் மிகுதி அல்லது வளி குறைவு என அறிக. நீலப் புகை இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நின்றபாடில்லையாயின், இன்ஜெக்டர், செலுத்தும் நேரம், அமுக்கம் ஆகியவற்றுள் ஒன்றிற் குறையிருக்கலாம், அல்லது குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசியலாம். அமுக்கம் குறைந்த இயந்திரத்தை முதலிற் செப்பனிடவேண்டும். அதன்மேற் செய்யும் எந்த மாற்றமும் ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பது போலாகும்.

4. சில்லும் சுமையும்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை விடுவித்து, இருவர் தள்ளிப் பார்க்கவேண்டும். இலகுவில் உருளாவிடின் பிறேக் பிடித்திருத்தலோ, ரயர்களிற் காற்றுக் குறைந்திருத்தலோ காரணமாகலாம். ரயர் அமுக்கத்தைக் குளிர்ந்த நிலையில், சுமைக்குக் குறிக்கப்பட்ட அளவுக்குச் சரிசெய்க. பயன்படாத இரும்புக் கூடுகள், மேற்தட்டுகள் ஆகியவற்றை அகற்றுக. சுமையைத் தாழ அடுக்கித் தறப்பாளை இறுகக் கட்டுதல் வேண்டும். வளித்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதாகலின், மணிக்கு 60 கிலோமீற்றரிலிருந்து 80 இற்கு ஏறும்போது அத்தடை ஏறத்தாழ 1¾ மடங்காகிறது. செலவின்றிக் கிடைக்கும் சிக்கனம் சாரதியின் வலது பாதத்திலேயே உள்ளது.

5. தகும் மாற்றங்களும் தகாதனவும்

மேற்கூறியன யாவும் முடிந்த பின்னரே மாற்றத்தைப் பற்றி எண்ணுதல் தகும்.

(அ) ரயர் அளவு: தோற்றத்துக்காகப் பெரிய ரயர் பூட்டப்பட்டிருந்தால், உரிய அளவுக்குத் திரும்புவதே முதல் மாற்றம். ரயரின் விட்டம் 10 வீதம் கூடினால் தரையில் விழும் இழுவிசை ஏறத்தாழ 9 வீதம் குறையும். தூரமானியும் ஓடிய தூரத்தைக் குறைத்தே காட்டும்.

(ஆ) வளி நுழையும் வழி: இயந்திர அறையின் சூடான வளி ஐதானது. முன்புறத்திலிருந்து குளிர்ந்த வளி வரும்படி குழாய் அமைத்தல் பயன்தரும். மழைநீரும் வெள்ளமும் புகாத உயரத்தில் அதன் வாய் இருத்தல் வேண்டும்.

(இ) பம்ப் திருகாணி: டீசலைக் கூட்டத் திருகாணியைத் திருகுவது மலிவான வழியெனப் பலர் கருதுவர். வளி கூடாது டீசல் மாத்திரம் கூடினால் சிறிது வலுவும் மிகுந்த கரும்புகையுமே கிடைக்கும். கழிவுவாயுவின் வெப்பம் ஏறி முசலமும் சிலிண்டர்த் தலையும் பழுதாகலாம். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வேண்டிய வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் வண்டி தவறும். இதைச் செய்யற்க.

(ஈ) டேர்போ: பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளில் உள்ள 2446 கன சென்ரிமீற்றர் 2எல் இயந்திரம் போன்றவற்றின் அமுக்க விகிதம் 20 இலும் மேற்பட்டது. அதற்குமேல் டேர்போவினால் வளியைத் திணித்தால் உள்ளமுக்கமும் வெப்பமும் மிகும். தேய்ந்த இயந்திரம் இதைத் தாங்காது. மேற்படி இயந்திரத்தின் ரைமிங் பெல்ற்றை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது டேர்போவினும் அவசரமானது. அது அறுந்தால் வால்வுகளும் முசலங்களும் மோதிச் சிதையும்.

(உ) மண்ணெண்ணெய்க் கலப்பு: 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். அது வேறுவழியற்ற காலத்தில், பெற்றோல் இயந்திரங்களிற் செய்யப்பட்டது. டீசல் பம்ப் தன் உராய்வுநீக்கத்துக்கு டீசலையே நம்பியிருப்பதால், மண்ணெண்ணெய் அதனைத் தேய்த்துவிடும்.

இயந்திரத்தையே மாற்றுவதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதனைப் பதிவுசெய்தல் வேண்டும். இழுவலு கூடினாலும் பிறேக்கும் வில்லுத்தகடும் பழையனவே என்பதை மறவற்க. வலு கூடியதென்று சுமையைக் கூட்டினால், இறக்கத்தில் வண்டியை நிறுத்த முடியாதுபோகும்.

6. பயன்

போகவர 200 கிலோமீற்றர் தூரமுள்ள சந்தைக்கு வாரம் இருமுறை செல்லும் வண்டியொன்றைக் கருதுக. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடினால் ஒரு பயணத்துக்கு 25 லீற்றர் வேண்டும். 10 கிலோமீற்றர் ஓடினால் 20 லீற்றர் போதும். பதினாறு வாரங் கொண்ட ஒரு போகத்தில் மிச்சமாவது 160 லீற்றர். விளைச்சலின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. அதைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவோ பெரிதும் உங்கள் கையிலேயே உள்ளது. அடுத்த அறுவடைக்கு முன்னரே தாங்கியை நிரப்பி, தூரமானியைக் குறித்து, முதல் அளவையைத் தொடங்குவீர்களாக.