எக்ஸ்ரே படமும் தூக்குக்குண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பது பழமொழி. நான் வல்லவன் அல்லன். ஆயினும், வீட்டில் கிடக்கும் சிறு பொருள்களே சில வேளைகளில் கருவிகளாகின்றன என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கண்டுகொண்டேன். அதைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் தெருவில் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவரிடம் குழலை மடக்கிக் குண்டு போடும் ஏர் கன் ஒன்று உண்டு. வீட்டின் பின்புற மண்மேட்டில் காகிதம் ஒட்டிக் குறிபார்ப்பது அவர் பொழுதுபோக்கு. கண் மங்கியதால் அதற்கு ஒரு ஸ்கோப் வாங்கிப் பொருத்தினார். அன்றுமுதல் ஒரு குண்டும் குறியில் படவில்லை. “பௌதிகம் படிக்கிறியே தம்பி, இதைப் பார்த்துச் சொல்லக் கூடாதா?” என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மறுக்க மனம் வரவில்லை.

முதல் வேலையாகத் துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை இருவரும் உறுதி செய்துகொண்டோம். பழுது பார்க்கும்போது குழலை எவர் பக்கமும் திருப்பக் கூடாது என்பது தாத்தாவின் கட்டளை.

நோய் என்ன?

ஸ்கோப்பை இரண்டு வளையங்கள் பிடித்திருக்கின்றன. அவ்வளையங்கள் துப்பாக்கியின் மேலுள்ள தண்டவாளம் போன்ற பள்ளத்தில் திருகப்பட்டுள்ளன. இங்கே மூன்று குறைகள் இருந்தன. ஒன்று, வளையங்கள் பின்னோக்கி நகர்ந்தன. சுருள்வில் ஏர் கன்னில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னே உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி ஒரே சுடுதலில் இருமுறை வேலை செய்கிறது! இரண்டு, உயரத் திருகை முழுவதும் திருப்பிய பின்பும் 20 மீட்டரில் குண்டு 4 செ.மீ. கீழே பட்டது. மடக்குக் குழல் சற்றே தாழ்ந்திருப்பதே காரணம். மூன்று, உள்ளேயுள்ள குறுக்குக் கம்பிகள் சாய்ந்திருந்தன.

மருந்து

நகர்வுக்குக் காரணம் பள்ளத்திலிருந்த எண்ணெய்ப் பசை. மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்து, திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினோம். வளையத்தையும் தண்டவாளத்தையும் சேர்த்து அக்காவின் நகச்சாயத்தால் ஒரு கோடு இட்டேன். வளையம் நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாம் குறைக்கு, கண்ணுக்கு அருகிலுள்ள பின் வளையத்தின் கீழ்ப்பாதியில் மெல்லிய தகடு வைக்க வேண்டும். ஸ்கோப்பின் பின்பகுதி உயர்ந்தால் அதன் பார்வை கீழ்நோக்கும். அதைக் குறிக்குக் கொண்டுவரக் குழலை நாம் தூக்குவோம். குண்டு மேலே படும். எவ்வளவு தடிமன்? 4 செ.மீ.யை 20 மீட்டரால் வகுத்தால் 0.002 ரேடியன். வளையங்களுக்கு இடைத்தூரம் 10 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 0.2 மி.மீ. கிடைக்கும். நகக்கண் அளவுகூட இல்லாத இத்தடிமன்தான் 20 மீட்டரில் 4 செ.மீ. ஆகப் பெரிதாகிறது.

முதலில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வைத்தேன். பத்துக் குண்டு நன்றாகப் பட்டது. பிறகு ரப்பர் அமுங்கிக் குறி அலைந்தது. தீப்பெட்டி அட்டையும் அவ்வாறே நசுங்கிற்று. நசுங்காத, சீரான தடிமனுள்ள பொருள் வேண்டும். அப்பொழுதுதான் பரணில் இருந்த எக்ஸ்ரே படம் நினைவுக்கு வந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் அப்பா சாரத்திலிருந்து விழுந்தபோது எடுத்தது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் திருகு அளவியில் அளந்தேன்: 0.20 மி.மீ. ஒரு துண்டு வைத்ததும் குண்டு குறிக்கு வந்தது. ஆனால் திருகு இன்னும் கடைசி எல்லையிலேயே நின்றது. மற்றொரு துண்டு சேர்த்துத் திருகைப் பின்னுக்குத் திருப்பி, ஏற்ற இறக்கத்துக்கு இடம் ஏற்படுத்தினோம். அதற்கு மேல் அடுக்கலாகாது. ஸ்கோப்பின் குழாய் வளைந்துவிடும்.

அப்பா சொன்ன பாடம்

மூன்றாம் குறையில்தான் நான் விழித்தேன். குறுக்குக் கம்பி 5 பாகை சாய்ந்திருந்தால், திருகால் 10 செ.மீ. உயர்த்தும்போது குண்டு ஏறக்குறைய 0.9 செ.மீ. பக்கவாட்டில் விலகும். கணக்குத் தெரிந்தது, நேராக்க வழி தெரியவில்லை. வேலை முடிந்து வந்த அப்பா சிறிது நேரம் பார்த்தார். “தூக்குக்குண்டைக் கட்டிப் பாருடா” என்றார்.

சுவரில் நூலைத் தொங்கவிட்டார். காற்றில் ஆடாமலிருக்கக் குண்டைத் தண்ணீர் வாளிக்குள் விட்டார். துப்பாக்கியை மணல் மூட்டைகள் மேல் வைத்து, தண்டவாளத்தின் மேல் குறுக்கே தம் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்தார். நான் ஸ்கோப்பை மெல்லச் சுழற்றினேன். நிற்கும் கம்பி நூலை அப்படியே மறைத்ததும் திருகுகளை இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை!

ஸ்கோப்பின் கதையே இப்படித்தான் தொடங்குகிறது. 1640ஆம் ஆண்டையொட்டி, வில்லியம் காஸ்காயின் என்னும் ஆங்கிலேயரின் தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூலிழுத்துவிட்டது. பார்க்கும் பொருளோடு அந்த நூலும் தெளிவாகத் தெரிவதைக் கண்டு, குறிபார்க்கும் இழையை அவர் அமைத்தார். பின்னாளில் நில அளவைக் கருவிகளிலும் உண்மையான சிலந்தி நூலே பயன்பட்டது.

அன்று மாலை தாத்தா சுட்ட ஐந்து குண்டுகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கவில்லை. ஆனால் ஒரு டீ கிளாஸின் வாய்க்குள் அடங்கின. “அப்பனும் பிள்ளையும் பலே ஆளுங்கப்பா” என்றார்.

முதலாண்டு விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்னுமிடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதியிருந்தேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்தில் ‘கொத்தனார்’ என்று எழுதினேன். ஆய்வகத்தில் நாம் கற்கும் செங்குத்தும் கிடைமட்டமும் பலர் வீட்டில் ஏற்கெனவே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. தோழர்களே, ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.