பெட்டிக்கு ஒரு பூட்டு, நால்வருக்கு நான்கு சீட்டு

வானம் பார்த்த அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் சொத்து கல்விதான். ஆனால் கணக்கு என்றதும் வாய் திறக்காமல் ஒதுங்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. அந்தப் பிள்ளையைப் பேச வைக்க ஒரு வழி சொல்கிறோம்.

பூட்டிய அறையிலிருந்து புதிர்களை விடுவித்து வெளியேறும் விளையாட்டு 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கியது. இன்று ஆசிரியர்கள் பலர் அதைப் பாடம் நடத்தவும் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகளை அறைக்குள் அடைக்க வேண்டாம். ஒரு பெட்டியும் நான்கு இலக்க எண் பூட்டும் போதும்.

நால்வருக்கும் ஆளுக்கொரு சீட்டு: கையிருப்பு 80,000 ரூபாய், வங்கியில் 1,70,000, கடைச் சரக்கு 50,000, ஜகாத் நாற்பதில் ஒரு பங்கு. நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்த பொருள் என்று சொல்லிவிடுங்கள். மொத்தம் 3,00,000, நாற்பதால் வகுத்தால் 7,500. பூட்டின் எண் அதுவே.

சீட்டைக் காட்டக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் பேசாவிட்டாலும் பெட்டி திறக்காது. கெட்டிக்காரப் பிள்ளையும் காத்திருந்து கேட்டாக வேண்டும். நேரப் போட்டி வைக்காதீர்கள். உள்ளே நான்கு பேரீச்சம்பழம் வையுங்கள்.

திறந்த பின் ஒவ்வொருவரும் கணக்கை நோட்டில் எழுதட்டும். எழுதாவிட்டால் விளையாட்டுதான் மிஞ்சும். எழுதினால், இன்ஷா அல்லாஹ், பாடமும் நிற்கும்.