நதியைக் கேள்வி கேட்ட பாட்டு

நாற்று நடும் வயலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் முதல் அடியைப் பாடுவார். மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். பாட்டோடு கையும் நகரும். முதுகு வலி கொஞ்சம் மறக்கும். வலை இழுப்பவர்களுக்கும் ஏலேலோ பாட்டு உண்டு. சேர்ந்து பாடுவது நமக்குப் புதிது அல்ல.

மேடையில் வரிசையாக நின்று பலர் ஒன்றாகப் பாடுவதைச் சேர்ந்திசை என்பார்கள். மாதா கோயில்களில் இது வெகு காலமாக உண்டு. எந்த மதத்தையும் சாராத சேர்ந்திசைக் குழுக்கள் பின்னால் வந்தன. அவற்றின் கதை வங்காளப் பஞ்சத்தில் தொடங்குகிறது.

1943-ஆம் ஆண்டு. வங்காளத்தில் அரிசி விலை தாறுமாறாக ஏறியது. கூலிக்காரர்கள், மீனவர்கள் கையில் அரிசி வாங்கக் காசு இல்லை. பசியாலும் நோயாலும் சுமார் 30 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அப்போது கலைஞர்கள் சிலர் ஊர் ஊராகப் போனார்கள். பாடினார்கள், ஆடினார்கள். பஞ்ச நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள். அதே ஆண்டில் ‘இப்டா’ என்ற மக்கள் நாடக மன்றம் பிறந்தது.

அந்த மன்றத்தில் சேர்ந்தவர் சலீல் சௌத்ரி. அசாம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். அப்பா அங்கே டாக்டர். வீட்டில் மேல்நாட்டு இசைத்தட்டுகள் சுழன்றன. வெளியே தோட்டத் தொழிலாளர்கள் பாடினார்கள். இரண்டும் அவர் மனதில் தங்கின. பிறகு விவசாயிகளின் போராட்டங்களுக்குப் பாட்டுக் கட்டினார். 1965-இல் வந்த ‘செம்மீன்’ படத்துக்கு இசை அமைத்தவரும் இவர்தான்.

1958-இல் கல்கத்தா இளைஞர் சேர்ந்திசைக் குழு தொடங்கியது. தொடங்கியவர் ரூமா குகா தாகுர்தா என்ற பாடகி. சினிமாவிலும் நடித்தவர். சலீல் சௌத்ரியும் இயக்குநர் சத்யஜித் ராயும் துணை நின்றார்கள். நாட்டுப் பாடல்கள், தாகூர் பாடல்கள், போராட்டப் பாடல்கள் எல்லாம் அவர்கள் பாடினார்கள்.

இந்தப் பாட்டு முறையில் ஒரு புதுமை உண்டு. வயலில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறோம். இங்கே அப்படி இல்லை. சிலர் மேலே பாடுவார்கள். சிலர் அதே நேரத்தில் கீழே வேறு மெட்டில் பாடுவார்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தும். பொருந்தாவிட்டால் சந்தை இரைச்சல்தான். அதனால் வாயைவிடக் காதுக்கே வேலை அதிகம். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். கச்சேரியில் தனிக் குரலுக்குப் பெருமை. இங்கே ஒரு குரல் மட்டும் தூக்கலாகக் கேட்டால் அது குறை.

இந்தக் குழுவுக்குப் பெரும் புகழ் தந்தது ஒரு நதிப் பாட்டு. அது வந்த வழி நீளமானது. அமெரிக்காவில் பால் ராப்சன் என்ற கறுப்பினப் பாடகர் இருந்தார். அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். மிசிசிபி ஆற்றைப் பற்றிய ஒரு பாட்டை ராப்சன் பாடி வந்தார். கறுப்பின மக்கள் கரையில் மூட்டை சுமக்கிறார்கள். ஆறோ ஒன்றும் பேசாமல் ஓடுகிறது என்பது அதன் கருத்து. முதலில் அதில் சலிப்புதான் இருந்தது. ராப்சன் வரிகளை மாற்றிப் போராட்டக் குரல் ஆக்கினார்.

அசாமைச் சேர்ந்த பூபேன் ஹசாரிகா படிப்பதற்காக நியூயார்க் போனார். அங்கே ராப்சனோடு பழகினார். ஊர் திரும்பிய பிறகு அதே எண்ணத்தில் அசாமிய மொழியில் ஒரு பாட்டு எழுதினார். மிசிசிபி இருந்த இடத்தில் பிரம்மபுத்திரா வந்தது. வங்காளத்துக்கு வந்தபோது அது கங்கை ஆனது. இரு கரையிலும் மக்கள் அழுகிறார்கள், நீ எப்படிச் சும்மா ஓடுகிறாய் என்று பாட்டு நதியைக் கேட்கிறது. ஒருவர் கேட்டால் அது புலம்பல். குழுவாக நின்று கேட்கும்போது நதிக்கே பதில் சொல்ல வேண்டிய நிலை.

சென்னையிலும் இப்படி ஒரு குழு உருவானது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நடத்தினார். அவர்கள் பல இந்திய மொழிகளில் பாடினார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாகப் பாட வைப்பதிலும் அவர் பாடுபட்டார். 1988-இல் லட்சத்தீவில் காலமானார். கல்கத்தாவில் ரூமா குகா தாகுர்தா 2019 ஜூன் மாதம் மறைந்தார்.