சுரத்தின் பெயரும் செல்வழியும்

மேனாட்டுச் சங்கீதத்தில் பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்துப் பெறும் சுரக்கூட்டைக் கார்டு என்பர். எடுத்துக்கொண்ட மேளத்துக்குரிய ஏழு சுரங்களால் அமைவது இயல்புக் கூட்டு. அவற்றுள் ஒன்றேனும் அரைச்சுரம் ஏறியோ இறங்கியோ நிற்பின் அது திரிபுக் கூட்டாம். செவிக்குப் புதுமையாய் ஒலிப்பதே திரிபுக் கூட்டின் இலக்கணமென மாணாக்கர் மயங்குவதுண்டு. அஃதன்று. திரிந்த சுரம் எவ்விடத்தை நாடிச் செல்கின்றது என்பதே நாம் நோக்கற்பாலது.

ஸி மைனரில் ஏ பிளாட், ஸி, ஈ பிளாட், எப் ஷார்ப் என்னும் நான்கும் சேர்ந்தால் அதனை ஜெர்மன் ஆறாம் கூட்டு என்பர். (ஜெர்மானியருக்கே உரியதெனக் கொள்ளற்க.) இதில் ஏ பிளாட் கீழிறங்கி ஜி-யை அடையும், எப் ஷார்ப் மேலேறி அதே ஜி-யை அடையும். இனி, எப் ஷார்ப்பை ஜி பிளாட் என்று எழுதிப் பார்ப்போம். பியானோவில் அழுத்தும் கட்டை மாறவில்லை, ஒலியும் மாறவில்லை. ஆயினும் கூட்டு இப்போது டி பிளாட் மேளத்துக்குரிய ஏழாம் கூட்டாகிவிட்டது. ஜி பிளாட் எப்-க்கு இறங்க விழைகின்றது. பெயரொன்று மாறியதால் செல்லும் ஊரே மாறிற்று!

நம் கருநாடக சங்கீதத்திலும் சதுச்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே தானத்தன அல்லவோ? 12 தானங்களுக்கு 16 பெயர் வழங்குதல் கண்டோர்க்கு இது வியப்பாகாது.

நாற்குரற் பாடல் பயிலும் குழுவொன்றில், பிரதி செய்தவர் எளிமை கருதி எப் ஷார்ப்பை ஜி பிளாட் ஆக்கிவிட, டெனர் பாடினோர் அடுத்து மேலேற இயலாது தடுமாறியதை நாம் நேரிற் கண்டதுண்டு. கட்டையை அழுத்துவோர்க்கு இத்தொல்லை இல்லை. குரலால் சுரத்தைத் தேடுவோர்க்கோ ஏட்டிலுள்ள பெயரே வழிகாட்டி.

இனி, பெயர் காட்டிய வழியிற் செல்லாத கூட்டு ஒன்றுண்டு. வாக்னரின் டிரிஸ்டான் உண்ட் இஸோல்டே என்னும் இசைநாடகம் 1865 ஜூன் 10-இல் மியூனிக் நகரில் அரங்கேறிற்று. அதன் முன்னிசையில் இரண்டாம் தாளக்கட்டத்திலேயே எப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப் என்னும் கூட்டு எழுகின்றது. இவற்றுள் ஜி ஷார்ப் மெல்ல ஏ-க்கு ஏறியதும், முற்கூறிய ஜெர்மன் கூட்டுக்கு இனமாகிய பிரெஞ்சு ஆறாம் கூட்டு, ஏ மைனருக்குரியதாய் வெளிப்படும். எப் முறைப்படி ஈ-க்கு இறங்குகின்றது. டி ஷார்ப்போ ஈ-க்கு ஏற வேண்டியது. ஏறாமல் டி-க்கு இறங்கிவிடுகின்றது! ஈ-யின் மேல் ஏழாம் கூட்டொன்று நிற்கின்றது. அடுத்து ஏ மைனர் வருமென்று செவி காத்திருக்க, வருவது மௌனமே.