கடன் கேட்டு வரும் கடிதத்தை வாசிப்பது எப்படி?

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. காலைக்கடன், இறுதிக்கடன் என்னும்போது அது கடமை. கடைக்காரரிடமோ வங்கியிலோ வாங்கியதைச் சொல்லும்போதும் அதே சொல்தான். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது கடமை என்பதை நம் மொழி தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் கொடுக்க முடியாத நிலையில் ஒருவர் என்ன செய்வது, கேட்டு வருபவர் எந்த எல்லைக்குள் நின்று கேட்க வேண்டும் என்பவற்றை எந்த வகுப்பிலும் நாம் படிப்பதில்லை. வணிகக் கல்வி கற்பிப்பவள் என்ற வகையில் அந்தக் குறையைச் சற்றேனும் போக்கவே இதை எழுதுகிறேன். மாணவிகளுக்காக எழுதினாலும், வீட்டில் தொலைபேசியை எடுப்பவர் உம்மாதான் என்பதால் அவர்களும் வாசித்தால் நல்லது.

சென்ற ஆண்டு ஒரு மாணவியின் தாயார் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு கடிதத்துடன் என்னைத் தேடி வந்தார். தவணை முறையில் வாங்கிய சலவை இயந்திரத்துக்கு 18,500 ரூபா நிலுவை. கணவரின் கடை மூடப்பட்டதால் தவணைகள் நின்றுபோயிருந்தன. கடிதம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்பில் சிவப்பு எழுத்தில் ‘இறுதி அறிவித்தல்’ என்ற பொருள்படும் சொற்கள். கேட்கப்பட்ட தொகை 41,000 ரூபா.

“டீச்சர், கோட்டுக்கு வரச் சொல்லி இருக்கிறாங்க. பொலிஸ் வீட்டுக்கு வருமா?” என்றார்.

“தாத்தா, இதில நீதிமன்ற முத்திரை எங்க இருக்கு? வழக்கு இலக்கம் எங்க இருக்கு?” என்று கேட்டேன். இரண்டுமே இல்லை. அது பொருளை விற்ற நிறுவனத்தின் கடிதம்கூட அல்ல. அந்நிறுவனத்துக்காகக் கடன் அறவிடும் வேறொரு கம்பனியின் கடிதம். இவ்வளவு நாளும் அவர் பயந்துகொண்டிருந்தது ஒரு வெற்றுக் காகிதத்துக்கு என்று சொல்ல மாட்டேன். கடன் உண்மையானது. ஆனால் நீதிமன்றம் அனுப்பும் அழைப்பாணை வேறு, சட்டத்தரணி அனுப்பும் கோரிக்கைக் கடிதம் வேறு, அறவிடும் கம்பனியின் நினைவூட்டல் வேறு. அழைப்பாணை வந்தால் குறித்த நாளில் போகாமல் இருக்கவே கூடாது. போகாவிட்டால் உங்கள் பக்கம் கேட்கப்படாமலே தீர்ப்பு வந்துவிடும். மற்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும்.

அவருக்காக நாங்கள் ஒரு சிறு கடிதம் எழுதினோம். கடனை மறுக்கவில்லை. முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வேறு கட்டணங்கள் எவை, எந்தத் திகதிகளில் எவ்வளவு செலுத்தப்பட்டது என்ற கணக்குக் கூற்றைத் தரும்படியும், இந்தக் கம்பனிக்கு அறவிடும் அதிகாரம் கொடுத்த கடிதத்தின் பிரதியைத் தரும்படியும் கேட்டோம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தினோம். வந்த கணக்கில் ‘வீட்டுக்கு வந்த செலவு’ என்று மட்டும் பல ஆயிரம் ரூபா சேர்க்கப்பட்டிருந்தது. அது ஒப்பந்தத்தில் இல்லாத செலவு என்று மீண்டும் எழுதினோம். கடைசியில் நிலுவையையும் வட்டியில் ஒரு பகுதியையும் ஐந்து தவணைகளில் செலுத்தி, ‘கணக்குத் தீர்ந்தது’ என்ற கடிதத்தையும் அவர் வாங்கிக்கொண்டார். அந்தக் கடைசிக் கடிதத்தைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அதே கடனைக் கேட்டு வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கடன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவது நம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. கங்காணியிடம் முற்பணம் வாங்கிக் கடல் கடந்து வந்த தொழிலாளியின் கடன் ஒரு சிறு காகிதத் துண்டில் எழுதப்படும். இந்தத் தொகையைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்பதே அதன் பொருள். அடுத்த தோட்டத்துரை அதைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் தீராது, கடன்காரர் மட்டும் மாறுவார். ஆளை வாங்க ஆசைப்பட்ட தோட்டங்கள் போட்டி போட்டுக் கொடுத்ததால் துண்டிலிருந்த தொகை ஏறியதே தவிர இறங்கவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இம்முறையை ஒழித்தது. கம்பளை, ஹந்தானை, புசல்லாவைப் பக்கத்து மாணவிகள் தம் பாட்டன்மாரின் கதைகளில் இச்சொல்லைக் கேட்டிருக்கக்கூடும். சம்பள நாளில் அலுவலக வாசலில் தடியுடன் காத்து நின்ற ‘ஆப்கான் பாய்’களைப் பற்றி எங்கள் பெரியவர்களும் சொல்வார்கள். வட்டிக்குக் கொடுத்துவிட்டு நேரில் நின்று அறவிடுவதே அவர்கள் தொழில்.

அண்மைக் காலத்தில் இந்நாட்டைப் பெரிதும் உலுக்கியது நுண்கடன். அதை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அறவிட வருபவர் வாரந்தோறும் வீட்டுக்கே வருவார். பணம் கிடைக்கும்வரை முற்றத்தை விட்டு நகராதவர்களும் உண்டு. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லவ்ஸ்கி, பெண்கள் மீதான இந்த நெருக்குதல்களைப் பற்றியும் மிக உயர்ந்த வட்டி வீதங்களைப் பற்றியும் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையில் இருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்சவரம்பும் பேசப்பட்டது. ஆயினும் 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் தெருவோரம் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது.

வட்டி வீதம் என்றதும் ஒரு கணக்கைச் செய்துபாருங்கள். மாணவிகளே, பென்சிலை எடுங்கள். 50,000 ரூபா கடன், ‘மாதம் மூன்று வீதம்தான்’, 12 மாதத் தவணை. மாதம் 1,500 வீதம் வருட வட்டி 18,000. மொத்தம் 68,000, மாதத் தவணை ஏறத்தாழ 5,667 ரூபா. ஆண்டுக்கு 36 வீதம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் முதல் மாதமே முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். ஆறாவது மாதத்தில் கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது. வட்டி மட்டும் 50,000 முழுவதற்கும் கட்டப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மை வீதம் ஆண்டுக்கு 60ஐத் தாண்டிவிடும். ‘மாதம் மூன்று’ என்று நாவில் இனிக்கும் சொல்லில் இது தெரிவதில்லை.

சட்டம் கடன்காரரை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. 1918ஆம் ஆண்டின் பணக்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, வட்டி மிகையானது என்று கண்டால் நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்க்கலாம். நோட்டு எழுதிக் கொடுக்கும்போது உண்மையில் கைக்கு வந்த தொகை, முன்கூட்டியே கழித்துக்கொண்ட வட்டி, வட்டி வீதம் ஆகியவை அதிலேயே எழுதப்பட வேண்டும். வெற்று நோட்டில் கையெழுத்திடாதீர்கள் என்று பெரியவர்கள் சொன்னது வெறும் எச்சரிக்கையல்ல. நம் சமயத்திலும் கடனை எழுதி வைப்பது பற்றிய வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தனியாருக்கிடையிலான கடனில் அறவிடக்கூடிய வட்டி முதலை விஞ்சக் கூடாது என்பது நம் பழைய குடியியல் சட்டத்திலுள்ள விதி. வங்கிகளுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளதால் அங்கே இதை அப்படியே எதிர்பார்க்க முடியாது. வழக்குத் தொடரும் காலத்துக்கும் எல்லை உண்டு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்திலான ஒப்பந்தத்துக்கும் நோட்டுக்கும் ஆறு வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், கடைப் பற்றுக்கு ஒரு வருடம். இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ, கடனை ஏற்றுக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தாலோ அந்தக் காலம் புதிதாக எண்ணப்படும். பத்து வருடப் பழைய கடனைக் கேட்பவர் ‘ஒரு ஐந்நூறாவது கட்டுங்கள்’ என்பதன் பின்னால் இதுவும் இருக்கலாம். காலம் கடந்தால் வழக்குத்தான் இல்லாமற் போகும். மனச்சாட்சிக்கு அத்தகைய காலவிதிப்பு இல்லை என்றே நான் நினைக்கிறேன். ஜனாஸா வீட்டில் ‘மையித்துக்கு யாரும் கடன் கொடுத்திருந்தால் சொல்லுங்கள்’ என்று அறிவிப்பதும் அதனால்தான். இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டியது. சொத்தே இல்லாதபோது பிள்ளைகளின் சம்பளத்தில் கைவைக்கச் சட்டத்தில் வழியில்லை.

பொலிஸ் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். கட்ட இயலாமை மட்டும் குற்றமாகாது. இலங்கை 1980இல் இணைந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரையும் இதையே சொல்கிறது. வங்கியில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதிக் கொடுப்பது வேறு விடயம், அது குற்றம். ஆகவே கடனுக்குப் ‘பிணையாக’ வெற்றுக் காசோலை கேட்பவரிடம் கவனமாக இருங்கள். தீர்ப்பு வந்து பிஸ்கால் அலுவலர் பொருட்களைக் கைப்பற்ற வந்தாலும்கூட, உடுதுணி, படுக்கை, தொழிலுக்கான கருவிகள் ஆகியவற்றை எடுக்க முடியாது. தையல் இயந்திரத்தால் குடும்பம் நடத்தும் பெண்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பே இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து பொருளைத் தூக்குபவரும், பிள்ளையின் பாடசாலைக்கு வந்து அவமானப்படுத்துவேன் என்பவரும்தான் பொலிஸுக்குப் பயப்பட வேண்டியவர்கள். அத்துமீறலும் அச்சுறுத்தலும் தண்டனைச் சட்டக் கோவையில் உள்ள குற்றங்கள்.

உயர்தர வணிகக் கல்வியில் முகவர் பற்றிப் படிக்கிறீர்கள். முகவர் தம் அதிகாரத்துக்குள் செய்வதற்கு முதல்வர் பொறுப்பு. அறவிடும் கம்பனியின் ஆள் தகாத வார்த்தை பேசினால், முறைப்பாட்டை அவருக்கல்ல, அவரை அனுப்பிய வங்கிக்கோ நிதிக் கம்பனிக்கோ எழுதுங்கள். அழைப்பு வந்த திகதி, நேரம், இலக்கம், பேசியவர் சொன்ன பெயர், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இந்த வேலைக்கு வீட்டிலுள்ள மாணவிதான் பொருத்தமானவள். மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வாடிக்கையாளரை நியாயமாக நடத்தும் கடப்பாட்டை அதன் மேற்பார்வையிலுள்ள நிறுவனங்கள் மீது சுமத்துகின்றன. நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தை அழைக்கலாம். மீற்றர் வட்டிக்காரருக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே பொலிஸும் நீதிமன்றமும்தான்.

பிணை பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர் அறைகளில் ஒருவருக்கொருவர் பிணைக் கையெழுத்துப் போடுவது நட்பின் அடையாளமாகிவிட்டது. பெரும்பாலான பிணைப் பத்திரங்களில், கடன்பட்டவரைக் கேட்காமல் நேரே பிணையாளியிடமே கேட்கலாம் என்ற வாசகம் இருக்கும். அதை வாசித்துவிட்டும் கையெழுத்திட மனமிருந்தால் இடுங்கள்.

‘கிரிப்பில் பெயர் போய்விட்டது, இனி வாழ்க்கையே போச்சு’ என்று மிரட்டுவதும் வழக்கம். கடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அது கறுப்புப் பட்டியல் வைத்திருக்கும் இடமல்ல. வாங்கிய கடன், கட்டிய விதம் இரண்டையும் பதிந்து வைக்கும் இடம். தன்னைப் பற்றிய அறிக்கையை எவரும் விண்ணப்பித்துப் பெறலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம்.

கட்டவும் மனமிருக்கிறது, ஒரேயடியாகக் கட்டவும் முடியாது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு ஏற்ற இடம் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட இச்சபைகள் நம் பிரதேசங்களிலும் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைக் கட்டடங்களில் கூடுகின்றன. சட்டத்தரணி ஆஜராக முடியாது என்பதால் பேச வேண்டியவர் நீங்களே. சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, கண்டியிலும் அதன் சேவையைப் பெறலாம். எங்கே போனாலும் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை மட்டும் ஒப்படையுங்கள். அசலைக் காட்டிவிட்டுத் திரும்பக் கையோடு கொண்டுவாருங்கள்.